மல்லாந்து கிடந்த அலமாரி

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அதிலும் கடைசி இரண்டு மாதம் போகவில்லை. பனையேறியான என் அப்பா விழுந்து இடுப்பு ஒடிந்ததும், சிலேட்டை மூலையில் வைத்துவிட்டுத் தேங்காய் சுமக்கப் போனேன். இதை எந்த மேடையில் ஏறினாலும் முதலிலேயே சொல்லிவிடுவேன். இன்னொருவன் கண்டுபிடித்துச் சொல்ல எதற்கு விட்டுவைக்க வேண்டும்? அதே மூச்சில் மற்றதையும் சொல்வேன். கொட்டாரத்துக்கும் ஆரல்வாய்மொழிக்கும் இடையில் ஏழெட்டு ஊர் வாசகசாலைகளில் இன்றைக்குப் பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து வாசிக்கிறார்களே, அவற்றுக்கெல்லாம் முதல் புத்தகங்களைப் பொறுக்கிக் கொடுத்தவன் நான்தான். நாகர்கோவிலில் எனக்குக் கடை வந்ததும் பேர் வந்ததும் அதற்குப் பிறகு. தொடங்கியது எங்கள் ஊர் நெல்லறையில்.

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். சர்க்கார் காகிதம் மலையாளத்தில் வரும். தமிழ்ப் புத்தகம் நாலு சேர்ந்தாற்போல் வேண்டுமென்றால் கணவாய் தாண்டித் திருநெல்வேலிக்குப் போகவேண்டும். நான் வாரம் ஒருமுறை போகிறவன். பஸ்ஸின் மேலே தேங்காய் மூட்டையை ஏற்றிக்கொண்டு போவேன். திரும்பும்போது பழைய பத்திரிகைக் கட்டு வாங்கிவந்து, பொட்டலம் மடிக்கக் கடைகளுக்குக் கொடுப்பேன். கொடுப்பதற்கு முன்னால் ஒரு வரி விடாமல் பஸ்ஸிலேயே வாசித்துவிடுவேன். பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லித்தந்தது எழுத்து மட்டும்தான். வாசிப்பைச் சொல்லித்தந்தது அந்தப் பொட்டலக் காகிதம். எந்த நாட்டில் யார் மந்திரி, எந்த ஊரில் என்ன பேசும்படம் ஓடுகிறது, ரேடியோவில் எத்தனை மணிக்குக் கச்சேரி என்று எங்கள் ஊர்க்காரர்கள் என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். எல்லாம் மூன்று மாதம் பழைய செய்தி. அது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

ஊருக்கு ஒரு வாசகசாலை வேண்டும் என்ற பேச்சு அப்போதுதான் எழுந்தது. எங்கள் ஊரில் மூன்று கூட்டம். அம்மன் கோயில் ஆட்கள், வெள்ளைக்காரப் பாதிரிகள் அந்தக் காலத்தில் கட்டிய சபையின் ஆட்கள், அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல்தாங்கலின் ஆட்கள். இவர்கள் ஒன்றாக உட்காருவது குளத்து மடை தகராறுக்கு மட்டும்தான். அன்று அதிசயமாக நெல்லறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். கோயில் பக்கம் ஊர் முதலடி. கோயில் கொடைத் திருவிழா நடத்துவதும் வரி பிரிப்பதும் வழக்குத் தீர்ப்பதும் அவர்தான், நெல்லறையும் அவருடையதுதான். சபைப் பக்கம் உபதேசியார். தாங்கல் பக்கம் அங்கே பணிவிடை செய்கிறவர்; எனக்கு முறைக்கு மாமா. எழுத்து வேலைக்குப் பள்ளிக்கூட வாத்தியார்.

முதலடி சுருக்கமாகச் சொன்னார்.

"என் நெல்லற இப்பம் சும்மாதான் கெடக்கு. வச்சு நடத்துங்க. ஆனா கும்பப்பூ அறுப்புக்குள்ள தொறந்து, மூணு கூட்டமும் ஒண்ணா வந்து வாசிக்கணும். இல்லைன்னா எனக்கு நெல்லு போடணும்டே. பொறவு ஒருத்தரும் வாய் தொறக்கப்பிடாது."

கும்பப்பூ அறுப்பு மாசியில். கையில் மூன்று மாதம் இருந்தது.

"அது கிடக்கட்டும். புஸ்தகம் யாரு பொறுக்குது?" என்று வாத்தியார் கேட்டார்.

"நான் பொறுக்குகேன்" என்றேன்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டு என்னைப் பார்த்தார். "மூணாங் கிளாஸு படிச்சவன் பொறுக்குன புஸ்தகம், சந்தையில பொறுக்குன கத்திரிக்கா மாதிரில்லா இருக்கும்?"

"கத்திரிக்கா பொறுக்கத் தெரியாத வீட்டுலதான் சாரே புழுக்கறி வைப்பாவ."

உபதேசியார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதோடு பேச்சு என் பக்கம் சாய்ந்தது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வாத்தியாரால் திருநெல்வேலிக்குப் போகமுடியாது என்பதும் ஒரு காரணம்தான். "போ, போ. நாளைக்கு இந்த அறையில நெல்லு கெடக்கும்போது ஊரு உன்னப் பாத்துத்தான் சிரிக்கும்" என்றார். அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. வாசகசாலை திறப்பதும் என் மானமும் அன்றைக்கே ஒன்றாகிவிட்டன.

நான் பொறுக்கிய விதத்தை எந்தப் பட்டதாரியிடமும் தைரியமாகச் சொல்வேன். கதைப்புத்தகம் ஒன்றுகூட எடுக்கவில்லை. கதை எங்கள் ஊரில் தினமும் நடந்துகொண்டிருந்தது. அச்சடித்து வேறு கொண்டுவர வேண்டியதில்லை. நடந்ததையும் நடப்பதையும் எழுதிய புத்தகம்தான் வேண்டும் என்பேன். கடைக்குள் போய் நடுப்பக்கத்தைத் திறந்து நாலு வரியை உரக்க வாசிப்பேன். வாசிக்கும்போது எனக்கு மூச்சு முட்டினால் அந்தப் புத்தகம் வேண்டாம். முட்டாமல் ஓடி, கடையில் நிற்கிற வேறு ஆள் யாராவது தலையைத் திருப்பிப் பார்த்தால் எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன். "அண்ணாச்சி, இது புஸ்தகக் கடை, பஜனை மடம் இல்ல" என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அவர் கடையில்தான் அதிகம் எடுத்தேன், ஏனென்றால் அவரே இரண்டு தடவை தலையைத் திருப்பினார்.

அப்படிச் சேர்ந்தவற்றை இன்று நினைத்தாலும் எனக்கு மார்பு விரிகிறது. தேர் எப்படிச் செய்கிறார்கள், கல்தூணைத் தட்டினால் ஏன் சுரம் வருகிறது என்று படங்களோடு ஒரு பெரிய புத்தகம். வில்லுப்பாட்டைப் பற்றி ஒன்று. பாதிரிகள் அச்சு இயந்திரத்தைக் கப்பலில் கொண்டுவந்த வரலாறு. சபைக் கீர்த்தனைகள் நம்முடைய ராகங்களில் ஏறிய கதை. தாங்கலில் தலைப்பாகை கட்டிக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பதன் பொருளைச் சொல்லும் மெல்லிய புத்தகம் ஒன்று. அதைத் தேடி மூன்று வாரம் அலைந்தேன். சந்தனக்கூடு பற்றி, புத்தர் வழியைப் பற்றி, பிறப்புச் சடங்கும் சாவுச் சடங்கும் ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்பதைப் பற்றி. பிறகு நம் காலத்துச் சங்கதிகள்: ரேடியோ எப்படிப் பேசுகிறது, பத்திரிகை ஒரு ராத்திரியில் எப்படி அச்சாகிறது, பேசும்படத்தில் ஆளின் வாயும் குரலும் எப்படி ஒட்டுகின்றன. சாமியும் வேண்டும், ரேடியோவும் வேண்டும் என்பது என் கட்சி. பலசரக்குக் கடையில் மிளகும் சீனியும் ஒரே கூரைக்குக் கீழேதானே இருக்கின்றன?

ஆரல்வாய்மொழிச் சோதனைச் சாவடியில் அரிசி கடத்துகிறேன் என்று மூட்டையை இறக்கச் சொன்னார்கள். அன்றைக்குக் கணவாய்க் காற்று வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"உள்ள என்னவாக்கும்?"

"புஸ்தகம்."

"எல்லாவனும் அப்படித்தான் சொல்லுவான்" என்று சொல்லிக் குத்தூசியை மூட்டைக்குள் ஒரே குத்தாகக் குத்தினான் காவல்காரன். அரிசி கொட்டவில்லை. ரேடியோப் புத்தகத்தில் அட்டை முதல் முப்பதாம் பக்கம் வரை ஓட்டை விழுந்தது. "ஓட்டை வழியா நல்லா கேக்கும்" என்று அவனே சிரித்து வழிவிட்டான்.

கொட்டாரத்து ஆசாரி அயனிப் பலகையில் நாலு தட்டு அலமாரி ஒன்று செய்து கொடுத்தார். அதில் புத்தகத்தை நானே அடுக்கினேன். கடையில் சரக்கு அடுக்குவதுபோல, கனமானது கீழே, லேசானது மேலே. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தப்பு அது என்பார்கள். இன்றைக்கும் நான் அதைத் தப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்; கனத்தை மேலே வைத்தால் அலமாரி கவிழும். ஆனால் எங்கள் பக்கத்தில் சாமி சம்பந்தப்பட்ட எதையும் காலுக்கு நேராக வைக்கமாட்டார்கள். அது கோயில்காரருக்கும் அப்படித்தான், சபைக்கும் தாங்கலுக்கும் அப்படித்தான். எனக்கும் தெரியும், கனத்தைப் பார்த்ததில் அது நினைவுக்கு வரவில்லை.

முதலடி வந்தார். குனிந்து பார்த்தார். தேர்ப் புத்தகம் அடித்தட்டில், அட்டையில் அம்மன் படத்தோடு இருந்தது.

"ஏலே, எங்க அம்மைய சபைக்காரன் காலுக்குக் கீழயா வச்சிருக்க?"

"இல்ல அண்ணாச்சி, கனம்..."

"கனமா? கனமுள்ளவங்கள மேல வைக்கணும்டே!"

சரி என்று அதை மேல் தட்டுக்கு மாற்றினேன். மறுநாள் உபதேசியார் வந்தார். கத்தவில்லை, அவர் கத்தமாட்டார். "தம்பி, சாமி படத்துக்கு அடியில எங்க புஸ்தகத்த வச்சா சபையில நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்று கேட்டுவிட்டு, தன் கூட்டத்துப் புத்தகங்களைத் தானே மேலே தூக்கி வைத்தார். அதனால் இடமில்லாமல் கீழே வந்தது தாங்கல் புத்தகம்.

மாமா வந்தது மூன்றாம் நாள். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு அலமாரியைக் கொஞ்சநேரம் பார்த்தார். "எங்க அப்பன ஒரு காலத்துல தெருவுக்குக் கீழ நிப்பாட்டுனாவ மக்கா. இப்பம் எங்க புஸ்தகத்தையும் கீழ நிப்பாட்டுதியா? நீயா?" என்றார்.

அதையும் மேல் தட்டில் செருகப் பார்த்தேன்; விரல் நுழைய இடமில்லை.

வாரம் ஒருவருக்கு மேல் தட்டு என்று சொல்லிப் பார்த்தேன். திறக்கிற வாரம் யாருக்கு என்று சண்டை வந்தது. மூன்று அலமாரி செய்வோம் என்றார் வாத்தியார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று அலமாரி என்றால் அவனவன் தன் கதவை மட்டும் திறந்து பார்த்துவிட்டுப் போவான். அதற்கு அவனவன் வீட்டிலேயே இருக்கலாம். முதலடி சொன்னது மூன்று கூட்டமும் ஒன்றாக வாசிக்கவேண்டும் என்றல்லவா? அறை பூட்டியபடி கிடந்தது. வயலில் கதிர் பழுத்துக்கொண்டு வந்தது. வீட்டில் என் பெண்டாட்டி, "இஞ்சேருங்க, நெல்லுக்குப் பக்கத்துல கொஞ்சம் எடம் கேட்டு உங்க தேங்காயயாவது போட்டு வைங்க" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். அதுதான் அதிகமாகச் சுட்டது.

அறுப்புத் தொடங்கியது. முதல் வண்டி நெல் காலையில் வந்து நெல்லறை வாசலில் நின்றது.

முதலடி சாவியோடு வந்தார். புத்தகங்களை மற்றவன் கொண்டுபோய்விடுவான் என்று உபதேசியாரும் மாமாவும் வந்தார்கள். வாத்தியார் வேடிக்கை பார்க்க வந்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை.

"என்னடே, கத்திரிக்காய எல்லாம் வாரிக் கட்டிக்கிடுதியா?" என்றார்.

புத்தகங்களை எடுத்துத் தரையில் பாயின்மேல் வைத்தேன். அலமாரியை வெளியே எடுக்க நான்கு பேரும் ஒரு கை கொடுத்தார்கள். நெல்லறை வாசல் குட்டை. அலமாரி நின்றபடி போகாது. "சாய்ங்க, சாய்ங்க, மல்லாக்கச் சாய்ங்க" என்று முதலடி கத்த, அதை முதுகுப்பக்கமாகத் தரையில் படுக்கவைத்தோம். மூச்சு வாங்குவதற்காக ஒரு நிமிஷம் கையை எடுத்தோம்.

கதவுகள் இரண்டும் கூரையைப் பார்த்துத் திறந்து கிடந்தன. நாலு தட்டும் நாலு பெட்டிபோலப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நான் பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன். அந்த அறையில் ஐந்து பேர் நின்றோம், அதில் ஒருவர் இன்டர்மீடியட் படித்தவர். அது தோன்றியது எனக்கு மட்டும்தான்.

"யாரும் தொடப்பிடாது! அது அங்கனயே கெடக்கட்டும்!" என்று கத்தினேன்.

"இவனுக்கு என்ன பேய் புடிச்சிற்றா?" என்றார் முதலடி.

நான் பாயிலிருந்து புத்தகங்களை எடுத்து, முதுகு மேலே தெரியும்படி அந்தப் பெட்டிகளில் நிறுத்தி அடுக்க ஆரம்பித்தேன். நாலு பெட்டியும் நிரம்பியதும் நிமிர்ந்தேன்.

"இப்பம் சொல்லுங்க. எது மேல, எது கீழ?"

வாசலில் வண்டிமாடு மணியை ஆட்டியது. முதலில் உபதேசியாருக்குத்தான் சிரிப்பு வந்தது. "தம்பி, இது சவப்பெட்டி மாதிரில்லா இருக்கு!"

"சவப்பெட்டியா? நல்ல வாக்கு சொல்லும் வேய். இது நெல்லு போடுத பத்தாயம் மாதிரி இருக்கு" என்றார் முதலடி.

மாமா குனிந்து கையால் தரையைத் தொட்டார். "ஒண்ணுபோல இருக்கு மக்கா, சரிதான். ஆனா எல்லாம் தரையிலில்லா கெடக்கு?"

அதுவும் நியாயம். மூன்று சாமியையும் சேர்த்துத் தரையில் போட்டதாக ஆகிவிடும். தூக்கிவைக்கவேண்டும். முதலடி முகத்தைச் சுளித்துக்கொண்டே மாட்டுத் தொழுத்தில் கிடந்த கல் இரண்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். "நெல்லு எறங்குது வரைக்குந்தான்" என்றும் சொன்னார். உபதேசியார் சபையில் உடைந்து கிடந்த பெஞ்சின் காலை நானே அறுக்கும்படி கொடுத்தார். மாமா பனந்தடித் துண்டு ஒன்றைத் தோளில் வைத்துக் கொண்டுவந்தார். நாலு மூலைக்கும் மூன்று விதமான கால். மட்டம் தப்பினால் மறுபடியும் ஒருவர் கீழே போய்விடுவாரே! தேங்காய்ச் சிரட்டை நிறையத் தண்ணீர் எடுத்து அலமாரியின் விளிம்பில் வைத்து மட்டம் பார்த்தேன். மூன்று பெரியவர்களும் மூன்று பக்கமும் குந்தி உட்கார்ந்து, தங்கக் கட்டியை நிறுப்பவர்கள்போல ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தண்ணீரைப் பார்த்தார்கள்.

"சபை பக்கம் ஒரு நூலு தூக்கலா இருக்கு" என்றார் முதலடி.

"உமக்குக் கண்ணு தூக்கலா இருக்கு" என்றார் உபதேசியார்.

ஒரு பாக்குமட்டைத் துண்டைச் சொருகினேன். தண்ணீர் நின்றது.

இவ்வளவும் ஆன பிறகு வாத்தியார் மெதுவாக வாயைத் திறந்தார். "எல்லாம் சரிடே. படுத்துக் கெடக்குததுக்குத் தலைமாடு, கால்மாடுன்னு ஒண்ணு உண்டுமே. தலைமாடு எது? அங்க யாரு?"

மூன்று பேருடைய முகமும் மாறியது. எனக்கு வாத்தியாரை அப்படியே தூக்கிப் பத்தாயத்துக்குள் போடலாம்போல இருந்தது. ஆனால் நான் அசரவில்லை. பெட்டிகளிலிருந்து எல்லாப் புத்தகத்தையும் வெளியே எடுத்தேன். கோயில், சபை, தாங்கல், ரேடியோ, பேசும்படம் எல்லாவற்றையும் சீட்டுக் கலைப்பதுபோலக் கலைத்தேன். கைக்கு வந்தது வந்தபடி நாலு பெட்டியிலும் நிறுத்தினேன்.

"இப்பம் தலைமாட்டுலயும் எல்லாரும் உண்டு, கால்மாட்டுலயும் எல்லாரும் உண்டு. அவியவிய புஸ்தகம் பத்திரமா இருக்கான்னு அவியவியளே எடுத்துப் பாருங்க."

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்துப் புத்தகங்கள் பாதிக்குமேல் மெல்லியவை. முதுகில் பெயர் இருக்காது. எது என்ன என்று தெரியவேண்டுமானால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அட்டையைப் பார்க்கவேண்டும். அதை முன்கூட்டியே யோசித்துத்தான் செய்தேனா என்று கேட்பார்கள். ஆம் என்றுதான் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

முதலடி தேர்ப் புத்தகத்தைத் தேடி முதலில் எடுத்தது ஓட்டை விழுந்த ரேடியோப் புத்தகம். கீழே வைக்கப் போனவர் ஒரு வரியைப் பார்த்தார், இரண்டாவது வரியைப் பார்த்தார், உதடு அசைய ஆரம்பித்தது. "ஏலே, பேச்சு காத்துல வருதுன்னா, நம்ம ஆரல்வாய்மொழி காத்துக்கு அது திருநெல்வேலிக்கே திரும்பிப் போயிராதா?" என்று கேட்டார். "மேல வாசிங்க அண்ணாச்சி, அதுல போட்டிருக்கு" என்றேன். உண்மையில் போட்டிருக்கவில்லை.

உபதேசியாருக்கு வில்லுப்பாட்டுப் புத்தகம் கிடைத்தது. அதை எங்களுக்குக் காட்டாமல் சன்னல் பக்கம் திரும்பி நின்று புரட்டினார். கொஞ்சநேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல், "எங்க தாத்தா கொடையில வில்லுக்குக் குடம் அடிச்ச ஆளு. சபையில சேந்த பொறவு அந்தக் குடத்துலதான் வீட்டுக்குத் தண்ணி கோரினாவ" என்றார். அவர் அதைச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

முதலடி தேடிய தேர்ப் புத்தகம் மாமா கையில் இருந்தது. அவர் எழுத்தை வாசிக்கவில்லை. படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்: சக்கரம், வடம், தட்டில் செதுக்கிய யாளி.

"எங்க அப்பன தேரோடுத தெருவுக்குள்ள விடமாட்டாவ. எனக்கு இப்பம் போலாம். சட்டம் உண்டு. ஆனா போனதில்ல. தேரை இம்புட்டுக் கிட்டக்க இப்பந்தான் பாக்கேன்" என்றார்.

முதலடி ரேடியோப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். ஏதோ கடுமையாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். எங்கள் மூன்று மாத உழைப்பும் அந்த ஒரு வாய்ச்சொல்லில் தொங்கியது.

"வார மார்கழித் தேருக்கு எங்கூட வாரும். வடம் ஒரு கை புடியும்" என்றார் முதலடி.

"கூப்பிடுதீரா?"

"கூப்பிடாமலா வாயத் தொறக்கேன்?"

அந்த நேரம் பார்த்து வண்டிக்காரன் வாசலில் தலையை நீட்டினான். "மொதலாளி, வெயிலு ஏறுது. நெல்ல எறக்கட்டா, வேண்டாமா?"

முதலடி விரலைப் பக்கத்துக்கு நடுவில் வைத்துப் புத்தகத்தை மூடினார். வண்டியைப் பார்த்தார். பாக்குமட்டை சொருகிய அலமாரியைப் பார்த்தார். "வீட்டு முற்றத்துக்குக் கொண்டு போ. ஓலப்பாய போட்டு மூடி வை" என்றார்.

"மழை கிழை வந்தா?"

"வந்தா நனையும். போலே!"

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். அன்று மாலையே வாசகசாலை திறந்தது. பூமாலையும் இல்லை, தலைவரும் இல்லை. மூன்று கூட்டத்து ஆட்களும் மல்லாந்து கிடந்த அலமாரியைச் சுற்றி, கல்யாணப் பந்தியில் நிற்பதுபோலத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கையை உள்ளே விட்டு விட்டு எடுத்தார்கள். மழையும் வந்தது. நெல் கொஞ்சம் நனைந்தது. ஆவணியில் வரும் கன்னிப்பூ அறுப்புக்குள் முதலடி தன் நெல்லுக்கு வேறு அறை கட்டிக்கொண்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் அலமாரியைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் சிரித்தார்கள். போய்த் தங்கள் அலமாரிகளையும் படுக்கவைத்தார்கள். புத்தகம் பொறுக்க என்னைத் தேடி வந்தார்கள்.

வாத்தியார் ஒரு வாரம் வாசகசாலைப் பக்கமே வரவில்லை. எட்டாம் நாள் வந்து, பேசும்படப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து, இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் நோட்டுப் புத்தகம் ஒன்றில் எல்லாப் புத்தகத்தின் பெயரையும் முத்து முத்தாக எழுதிக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் 'நூல்கள் தெரிவு' என்று போட்டு, அதற்குக் கீழே என் பெயரைத் தகப்பன் பெயரோடு எழுதியிருந்தார். பனையேறி பெயர் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் ஏறியதை நான் முதல்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அடுத்த கட்டு எடுக்க எப்பம் போற?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை."

"எனக்கும் லீவுதான். நானும் வாறேன். எப்படிப் பொறுக்குதன்னு பாக்கணும்."

"வாங்க சாரே" என்றேன். "ஆனா கடையில உரக்க வாசிக்கணும், வெக்கப்படப்பிடாது. திரும்பி வரும்போது மூட்டையில பாதி உங்க தோளுலயாக்கும்."

சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு எனக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். தோளில் போட ஒரு துண்டும் கொண்டுவந்திருந்தார்.